பூட்டுச் சின்னம் எதுவரை காவல்?

கடவுச்சொல்லைத் தட்டும்போது திரையில் எழுத்துக்குப் பதிலாகக் கரும்புள்ளிகள் வரிசையாக விழுகின்றன. அதைப் பார்த்து, தட்டியது அந்த நொடியே ரகசியக் குறியாக மாறிவிட்டது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். புள்ளிகள், பக்கத்தில் நின்று எட்டிப் பார்ப்பவரின் கண்ணை மறைப்பதற்கு மட்டுமே. பிரவுசருக்குள் கடவுச்சொல் அடித்தபடியே இருக்கிறது. அதைவிடச் சங்கடமான செய்தி, பெரும்பாலான தளங்களில் லாகின் பட்டனை அமுக்கிய பிறகு அந்த நிறுவனத்தின் சர்வரிலும் அது அடித்தபடியேதான் போய் இறங்குகிறது. குறியாக்கம் நடப்பது இடைப்பட்ட வழியில் மட்டும்.

அந்த வழி சாதாரணமானதல்ல. வீட்டு வைஃபை பெட்டி, இணையச் சேவை நிறுவனம், அதற்கு மேலே இன்னொரு நிறுவனம், கடலடிக் கேபிள் என்று எத்தனையோ கை மாறித்தான் தகவல் போகிறது. முகவரி வெறும் எச்டிடிபி என்று தொடங்கினால் இவர்களில் யார் வேண்டுமானாலும் அதை வாசிக்கலாம். வாசிப்பதோடு நிற்காமல் மாற்றியும் அனுப்பலாம். இந்த இரண்டாவது ஆபத்து பலருக்கும் தோன்றுவதே இல்லை. துனிசியாவில் நடந்ததைப் பார்த்தால் புரியும்.

2010 டிசம்பரில் அங்கே அதிபர் பென் அலியின் ஆட்சிக்கு எதிராகப் போராட்டம் மூண்டது. செய்தியும் வீடியோவும் ஃபேஸ்புக் வழியாகப் பரவின. அன்றைய ஃபேஸ்புக்கில் கடவுச்சொல் குறியாக்கத்தோடுதான் அனுப்பப்பட்டது. ஆனால் அதைத் தட்டும் கட்டம் இருந்த முகப்புப் பக்கம் சாதாரண எச்டிடிபியில் வந்தது. நாட்டின் இணையச் சேவை வழியே அந்தப் பக்கம் வரும்போது யாரோ சில வரி ஜாவாஸ்கிரிப்ட்டை நடுவில் செருகினார்கள். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தட்டி முடித்ததும் அந்த வரிகள் இரண்டையும் பிரதி எடுத்து, ஃபேஸ்புக்கில் இல்லவே இல்லாத ஒரு முகவரிக்கு அனுப்பின. முகவரி இல்லாவிட்டால் என்ன, வழியில் உட்கார்ந்திருப்பவர் கண்ணில் படுமே! 2011 ஜனவரியில் ஃபேஸ்புக் துனிசியாவிலிருந்து வரும் இணைப்புகளை குறியாக்கம் உள்ள எச்டிடிபிஎஸ் பக்கம் திருப்பிவிட்டது. ஏற்கெனவே மாட்டிக்கொண்டிருக்கக்கூடியவர்களிடம் நண்பர்களின் படத்தைக் காட்டி, இது யார் என்று கேட்டு ஆளை உறுதி செய்துகொண்டது.

கடவுச்சொல்லை பிரவுசரிலேயே ஜாவாஸ்கிரிப்ட் கொண்டு குலைத்துவிட்டுத்தான் அனுப்புகிறோம், அதனால் எச்டிடிபிஎஸ் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று வாதாடுகிற மென்பொருள்காரர்கள் உண்டு. துனிசியா அவர்களுக்கான பதில். குலைக்கும் நிரலே திறந்த வழியில்தான் வருகிறது, வழியில் இருப்பவன் முதலில் அதைத்தான் மாற்றுவான். மாற்றாவிட்டாலும், குலைத்து அனுப்பிய அந்தச் சரத்தை அப்படியே பிடித்து நாளை திரும்ப அனுப்பினால் சர்வர் கதவைத் திறந்துவிடும். குலைத்ததே புதிய கடவுச்சொல் ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

லாகின் பக்கத்துக்கு மட்டும் குறியாக்கம் போட்டால் போதுமா என்றால், அதுவும் போதாது. உள்ளே நுழைந்த பிறகு தளம் உங்கள் பிரவுசரிடம் ஒரு குக்கியைக் கொடுத்து வைக்கிறது. அடுத்தடுத்த ஒவ்வொரு பக்கத்துக்கும் அந்தக் குக்கிதான் உங்கள் அடையாளம். 2010 அக்டோபரில் எரிக் பட்லர் என்ற நிரலாளர் ஃபயர்ஷீப் என்ற சிறு நீட்டிப்பை ஃபயர்ஃபாக்ஸுக்கு எழுதி வெளியிட்டார். பூட்டில்லாத காபிக்கடை வைஃபையில் அதை ஓடவிட்டால், அதே வைஃபையில் இருக்கும் மற்றவர்களின் ஃபேஸ்புக், ட்விட்டர் கணக்குகள் பக்கவாட்டில் பட்டியலாக வரும். ஒரு கிளிக்கில் அவர்களாகவே உள்ளே போகலாம், கடவுச்சொல்லே தேவையில்லை. பெரிய தளங்கள் முழுக்க முழுக்க எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாறியதில் இந்த அவமானத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

சரி, முன்பின் பழக்கமில்லாத இரண்டு கணினிகள், எல்லாரும் ஒட்டுக்கேட்கும் வழியிலேயே பேசி, தங்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு ரகசியத்துக்கு எப்படி வருகின்றன? 1976இல் விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் வெளியிட்ட உபாயம் இது. சின்ன எண்களை வைத்துக் கையாலேயே போட்டுப் பார்க்கலாம். 5, 23 என்ற இரண்டு எண்களை ஊரறியச் சொல்லிவிடுகிறோம். உங்கள் பிரவுசர் 7 என்ற எண்ணை மனதுக்குள் வைத்துக்கொள்கிறது. 5ஐ ஏழு முறை பெருக்கினால் 78,125. அதை 23ஆல் வகுத்தால் மீதி 17. இந்த 17ஐ வெளிப்படையாக அனுப்புகிறது. சர்வர் மனதுக்குள் வைத்துக்கொண்ட எண் 3. 5ஐ மூன்று முறை பெருக்கினால் 125, மீதி 10. அந்த 10ஐ அதுவும் வெளிப்படையாக அனுப்புகிறது. இப்போது பிரவுசர், வந்த 10ஐ ஏழு முறை பெருக்குகிறது: ஒரு கோடி. 23ஆல் வகுக்க மீதி 14. சர்வர், வந்த 17ஐ மூன்று முறை பெருக்குகிறது: 4,913. 23ஆல் வகுக்க மீதி அதே 14. அந்த 14 வழியில் எங்குமே போகவில்லை. ஒட்டுக்கேட்டவன் கையில் 5, 23, 17, 10 நான்கும் இருக்கின்றன. 14ஐ எடுக்க 7 அல்லது 3 தெரிய வேண்டும். இத்தனை சிறிய எண்களில் உட்கார்ந்து தேடிக் கண்டுபிடித்துவிடலாம். 23க்குப் பதிலாக அறுநூறு இலக்கம் கொண்ட எண்ணைப் போட்டால் இன்றைய கணினிகளால் ஆகாது. இப்போது பிரவுசர்கள் பெரும்பாலும் இதே உபாயத்தை நீள்வளைவுக் கணிதத்தில் செய்கின்றன. எண் சிறியது, பலம் குறைவதில்லை. கிடைத்த கூட்டு ரகசியத்தைக் கொண்டு அதன்பின் போகிற வருகிற எல்லாமே குறியாக்கம் ஆகின்றன. எச்டிடிபிஎஸ்ஸுக்கு அடியில் இருக்கும் டிஎல்எஸ் என்ற நெறிமுறையின் மையம் இதுதான். அதன் 1.3ஆம் பதிப்பு 2018இல் வந்தது.

கணக்கில் ஓட்டை இல்லை. ஆனால் எதிரில் கணக்குப் போடுவது யார்? நடுவில் ஒரு திருடன் உட்கார்ந்து, உங்களோடு ஒரு ரகசியமும் வங்கியோடு இன்னொரு ரகசியமும் செய்துகொண்டால் இரு பக்கத்துக்கும் ஒன்றும் தெரியாது. அதற்காகத்தான் சான்றிதழ். இந்தப் பெயருடைய தளத்தின் கையெழுத்தைச் சரிபார்க்க உதவும் பொதுச் சாவி இதுதான் என்று ஒரு சான்றளிக்கும் நிறுவனம் கையெழுத்திட்டுத் தருகிறது. எந்த நிறுவனங்களை நம்பலாம் என்ற பட்டியல் பிரவுசரிலோ இயங்குதளத்திலோ முன்கூட்டியே இருக்கிறது. நம்பிக்கை முழுவதும் அந்தப் பட்டியலில் தொங்குகிறது, அது அறுந்ததும் உண்டு. 2011இல் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் நிறுவனத்துக்குள் புகுந்தவர்கள் கூகுள் பெயரில் போலிச் சான்றிதழ் எடுத்தார்கள். ஈரானில் ஜிமெயில் பயன்படுத்தியவர்களை வேவு பார்க்க அது உதவியது. சில வாரங்களில் டிஜிநோட்டார் திவாலானது. 2014 ஜூலையில் நம் நாட்டுத் தேசியத் தகவல் மையத்தின் சான்றளிப்புப் பிரிவிலிருந்தும் கூகுள் பெயர்களுக்கு அனுமதியில்லாத சான்றிதழ்கள் வெளியானதை கூகுள் கண்டுபிடித்தது. அவை ரத்து செய்யப்பட்டன. இப்போது வழங்கப்படும் சான்றிதழ்கள் பொதுப் பதிவேட்டில் ஏற வேண்டும், இல்லாவிட்டால் குரோம் ஏற்பதில்லை. எனவே யாராவது கள்ளத்தனம் செய்தால் சீக்கிரம் வெளிச்சத்துக்கு வருகிறது.

சான்றிதழ் எளிதாகக் கிடைக்கத் தொடங்கியதில் ஒரு பக்கவிளைவு. 2015 கடைசியில் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற லாப நோக்கில்லாத அமைப்பு இலவசமாகச் சான்றிதழ் வழங்கத் தொடங்கியது. இணையத்தின் பெரும்பகுதி குறியாக்கத்துக்கு வந்ததில் அதற்குப் பெரும் பங்கு. மோசடிக்காரர்களும் அதே இலவசத்தை எடுத்துக்கொண்டார்கள். சான்றிதழ் சொல்வது முகவரியில் தெரியும் பெயருக்கு உரியவரோடுதான் பேசுகிறீர்கள் என்பதை மட்டும், அவர் யோக்கியரா என்பதை அது சொல்வதில்லை. முகவரிப் பட்டையில் இருந்த பூட்டுச் சின்னத்தைப் பார்த்து ஜனங்கள் தளத்தையே நம்பிவிடுகிறார்கள் என்பதால் 2023 செப்டம்பரில் குரோம் கணினித் திரையில் அந்தச் சின்னத்தையே எடுத்துவிட்டது. சரியான முடிவு என்பேன், பத்து வருடம் முன்பே செய்திருக்கலாம்.

கேஒய்சி காலாவதி ஆகிறது, இன்றிரவு கணக்கு முடங்கும் என்று குறுஞ்செய்தி வருகிறது. லிங்கைத் தொட்டால் உங்கள் வங்கியின் பக்கம் அச்சு அசலாகத் திறக்கிறது, எச்டிடிபிஎஸ்ஸும் இருக்கிறது. முகவரி இப்படி இருக்கும்: உங்கள்வங்கி.கேஒய்சி-அப்டேட்.இன்ஃபோ/லாகின். கண் முதலில் போய் நிற்பது இடப்பக்கம் உள்ள வங்கியின் பெயரில். ஆனால் உரிமையாளரை அறிய, முதல் சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பதை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். இங்கே சொந்தக்காரர் கேஒய்சி-அப்டேட்.இன்ஃபோ. அதற்கு இடப்பக்கம் அவர் எந்தப் பெயரையும் எழுதிக்கொள்ளலாம், தடுக்க ஆளில்லை. இதனால்தான் ரிசர்வ் வங்கி, இந்திய வங்கிகள் எல்லாம் பேங்க்.இன் என்று முடியும் முகவரிக்கு 2025 அக்டோபர் 31க்குள் மாற வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்த முடிவுப் பெயரை வங்கிகள் மட்டுமே வாங்க முடியும். போனில் முகவரிப் பட்டை பாதி மறைந்துதான் தெரிகிறது என்பதால், லிங்கைத் தொடாமல் வங்கியின் செயலியைத் திறப்பதே மேல்.

இனி சேரும் இடம். வழி எவ்வளவு பத்திரமாக இருந்தாலும், போய்ச் சேர்ந்ததை அவர்கள் எப்படி வைத்திருக்கிறார்கள்? 1962இல் எம்ஐடியின் பொதுக் கணினியில் ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், கடவுச்சொற்கள் இருந்த கோப்பை பிரிண்ட் போடச் சொல்லி ஒரு விண்ணப்ப அட்டையைப் போட்டார். இயந்திரம் போட்டுக் கொடுத்தது. தனக்குக் கணினியில் கூடுதல் நேரம் வேண்டும் என்பதற்காகச் செய்த வேலை. கோப்பில் எல்லாம் அடித்தபடியே இருந்தன. நாற்பத்தேழு வருடம் கழித்து, 2009 டிசம்பரில் ராக்யூ என்ற அமெரிக்க நிறுவனத்திலிருந்து 3.2 கோடிக் கடவுச்சொற்கள் திருடு போயின. அங்கேயும் அடித்தபடியேதான் இருந்தன. 2.9 லட்சம் பேர் வைத்திருந்த சொல் 123456. அந்தப் பட்டியல் இன்றும் ஹேக்கர்களின் முதல் பாடப்புத்தகம்.

ஒழுங்கான தளம் கடவுச்சொல்லைச் சேமிப்பதில்லை, அதன் ஹேஷைச் சேமிக்கிறது. ஹேஷ் என்பது ஒருவழிக் கணக்கு. அரைத்த மாவிலிருந்து அரிசியைத் திரும்ப எடுக்க முடியாது, ஆனால் அதே அளவில் அதே அரிசியைப் போட்டு அதேபோல் அரைத்தால் அதே மாவு வரும். நீங்கள் மறுபடி லாகின் செய்யும்போது தளம் மறுபடி அரைத்து, ஒப்பிட்டுப் பார்க்கிறது. எம்டி5 என்ற பழைய முறையில் 123456ஐப் போட்டால் இ10ஏடிசி3949 என்று தொடங்கும் 32 குறிகள் வருகின்றன. கடைசி இலக்கத்தை மட்டும் மாற்றி 123457 போட்டால் எஃப்1887டி3எஃப் என்று தொடங்கி, முன்னதோடு ஒட்டும் உறவும் இல்லாத வேறு 32 குறிகள்.

இதிலும் ஓட்டை உண்டு. ஒரே கடவுச்சொல் வைத்த ஆயிரம் பேருக்கும் ஒரே ஹேஷ்தான் வரும். ஹேக்கர் கோடிக்கணக்கான சொற்களுக்கு முன்கூட்டியே ஹேஷ் போட்டு வைத்துக்கொண்டு ஒப்பிட்டால் போதும். மருந்து 1979லேயே கிடைத்துவிட்டது. யூனிக்ஸ் உருவாக்கத்தில் இருந்த ராபர்ட் மாரிஸும் கென் தாம்சனும், ஆளுக்கு ஆள் வேறுபடும் ஒரு எண்ணைக் கடவுச்சொல்லோடு சேர்த்து ஹேஷ் போட வேண்டும் என்று எழுதினார்கள். சால்ட் என்பது இதுதான். அதற்கு முப்பத்து மூன்று வருடம் கழித்து, 2012இல், லிங்க்டுஇன் சால்ட் இல்லாத ஷா-1 ஹேஷ்களைப் பறிகொடுத்தது. முதலில் வெளியே வந்தவை 65 லட்சம். 2016இல் பார்த்தால் அது 11.7 கோடி.

2013இல் அடோபி செய்தது இன்னும் வேடிக்கை. அவர்கள் ஹேஷ் போடவே இல்லை. எல்லாருடைய கடவுச்சொல்லையும் ஒரே சாவியால் குறியாக்கம் செய்து வைத்தார்கள். கேட்பதற்குப் பத்திரமாகத் தோன்றும். ஆனால் ஒரே சொல்லுக்கு ஒரே குறி. பக்கத்திலேயே, மறந்தால் நினைவுபடுத்த நீங்கள் எழுதிய குறிப்பு, எந்தக் குறியாக்கமும் இல்லாமல். 15 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள் வெளியான பிறகு, சாவியே இல்லாமல், ஒரே குறிக்கு ஆயிரம் பேர் எழுதிய ஆயிரம் குறிப்புகளைப் படித்து, குறுக்கெழுத்துப் போட்டி போல விடை கண்டார்கள். குறியாக்கம் என்ற சொல்லைக் கேட்டதும் நிம்மதி அடைய வேண்டாம். சாவி இருந்தால் குறியாக்கம் திரும்பும், ஹேஷ் திரும்பாது. கடவுச்சொல் விஷயத்தில் நமக்கு வேண்டியது திரும்பாதது.

ஒரு தளம் எந்த ரகம் என்று அறிய நீங்களே சோதிக்கலாம். பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்பதை அமுக்குங்கள். புதிதாக அமைக்க லிங்க் வந்தால் நல்ல அறிகுறி, உறுதி அல்ல. உங்கள் பழைய கடவுச்சொல்லையே மெயிலில் எழுதி அனுப்பினால், அதை அவர்களால் வாசிக்க முடிகிறது என்று அர்த்தம். அவர்கள் ஊழியரால், நாளை புகுந்துவிடும் திருடனால், எல்லாராலும். அந்தத் தளத்துக்கு வேறெங்கும் வைக்காத ஒரு சொல்லைக் கொடுத்துவிட்டு விலகி இருப்பது நல்லது.

சால்டும் போட்டு ஹேஷும் போட்டாயிற்று என்றாலும் வேகம் ஒரு பிரச்சினை. எம்டி5, ஷா-1 போன்றவை விரைவுக்காக வடிவமைக்கப்பட்டவை. ஒரு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு விநாடிக்கு ஆயிரம் கோடி எம்டி5 ஹேஷ்களுக்கு மேல் போட்டுப் பார்க்கும். எட்டுச் சிறிய ஆங்கில எழுத்துகளால் அமையக்கூடிய சொற்கள் ஏறத்தாழ 20,900 கோடி. கணக்குப் பார்த்தால் 21 விநாடி வேலை. அதே வேகத்தில் 12 எழுத்து மூன்றரை மாதத்துக்கு மேல் இழுக்கும், 16 எழுத்தானால் ஒரு லட்சம் ஆண்டு தாண்டும். இது கண்டபடி கலந்த எழுத்துகளுக்கான கணக்கு. குலதெய்வத்தின் பெயரோடு பிறந்த வருடமும் ஒரு அட் குறியும் சேர்த்தால் 16 வந்துவிடும்தான், ஆனால் ஹேக்கர் அ முதல் ஃ வரை வரிசையாகத் தேடுவதில்லை, பெயர்ப் பட்டியலில் தொடங்குகிறார். 1999இல் வந்த பிகிரிப்ட், 2015இல் போட்டியில் வென்ற ஆர்கான்2 ஆகியவை வேண்டுமென்றே மெதுவாக அரைக்கும் ஹேஷ் முறைகள். உங்களுக்கு லாகின் ஆக கால் விநாடி கூடினால் தெரியாது, ஹேக்கருக்கோ அந்தக் கால் விநாடி ஒவ்வொரு முயற்சிக்கும் விழும்.

இத்தனையும் சரியாகச் செய்த இடத்திலும் அடிப்படைக் கோளாறு அப்படியே இருக்கிறது: நீங்கள்தான் என்று காட்ட, ரகசியத்தையே எதிராளியிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. ட்விட்டர் பிகிரிப்ட்தான் வைத்திருந்தது. ஆனால் ஹேஷ் போடுவதற்கு முன்பே கடவுச்சொற்கள் ஒரு உள்குறிப்புக் கோப்பில் எழுதப்பட்டு வந்ததை 2018 மே மாதம் கண்டுபிடித்து, 33 கோடிப் பயனர்களிடமும் மாற்றிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டது. அடுத்த வருடம் ஃபேஸ்புக்கும் கோடிக்கணக்கான கடவுச்சொற்கள் தன் உள்கணினிகளில் படிக்கும் நிலையில் கிடந்ததை ஒப்புக்கொண்டது. திருடன் வரவில்லை, வழியில் ஒட்டுக்கேட்கவும் இல்லை. சேர்ந்த இடத்தில் யாரோ ஒரு நிரலாளர் பிழை தேடுவதற்காக ஒரு வரி எழுதியிருப்பார்.

அப்படியென்றால் நம் கையில் இருப்பது, கசிந்தாலும் ஒரு தளத்தோடு நிற்கும்படி பார்த்துக்கொள்வது. டிராப்பாக்ஸ் ஊழியர் ஒருவர் வேறொரு தளத்தில் வைத்திருந்த கடவுச்சொல்லையே வேலையிலும் வைத்திருந்தார். 2012இல் அந்த வழியாக நுழைந்தவர்களுக்குக் கிடைத்தது 6.8 கோடிக் கணக்குகளின் விவரம். தளத்துக்கு ஒன்று என்று நூறு சொற்களை யாராலும் நினைவில் வைக்க முடியாது. கடவுச்சொல் மேலாளர் செயலி ஒன்றை வைத்துக்கொள்வதுதான் நடைமுறை. போனிலும் பிரவுசரிலும் இலவசமாகவே வருகிறது. அதன் பெரிய நன்மை நினைவாற்றல் அல்ல என்பது என் கட்சி. போலித் தளத்தில் அது தானாக நிரப்பாது. கண் ஏமாறும் இடத்தில் அது எழுத்துக்கு எழுத்து முகவரியை ஒப்பிடுகிறது. கடவுச்சொல் கட்டத்தில் பேஸ்ட் செய்ய விடாத தளங்கள், பாதுகாப்பு என்று நினைத்து இந்த நல்ல பழக்கத்தைத் தடுக்கின்றன.

90 நாளுக்கு ஒருமுறை மாற்று என்ற அலுவலகச் சட்டமும் இந்த ரகம்தான். ஆட்கள் கடைசியில் இருக்கும் 1ஐ 2 ஆக்குகிறார்கள். அமெரிக்காவின் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017இல் வெளியிட்ட விதிமுறை, காரணமில்லாமல் மாற்றச் சொல்லாதே, பெரிய எழுத்து சிறப்புக்குறி என்று வற்புறுத்தாதே, நீளத்தைக் கேள், கசிந்த பட்டியலில் உள்ளதா என்று பார் என்றது. 2003இல் பழைய விதியை எழுதிய பில் பர், அதற்காக வருந்துவதாக அதே 2017இல் பேட்டி கொடுத்தார்.

கசிந்ததா என்று பார்க்க, கணினிப் பாதுகாப்பு வல்லுநர் ட்ராய் ஹன்ட் நடத்தும் ஹாவ் ஐ பீன் போன்ட் தளம் இருக்கிறது. அதில் கடவுச்சொல்லைத் தேடும் விதம் அழகானது. உங்கள் கணினியே ஹேஷ் போட்டு, அதன் முதல் ஐந்து குறிகளை மட்டும் அனுப்புகிறது. அந்த ஐந்தில் தொடங்கும் கசிந்த ஹேஷ்கள் எல்லாம் திரும்பி வருகின்றன. அதில் உங்களுடையது உண்டா என்று உங்கள் கணினியிலேயே ஒப்பிடப்படுகிறது. ரகசியத்தைச் சொல்லாமலே கேள்வி கேட்டாயிற்று.

கடவுச்சொல்லுக்குப் பதிலாக வந்திருக்கும் பாஸ்கீ இதே எண்ணத்தை லாகினுக்குக் கொண்டு வருகிறது. 2022 மே மாதம் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து ஆதரவு தருவதாக அறிவித்தன. ஒவ்வொரு தளத்துக்கும் உங்கள் போன் ஒரு ஜோடிச் சாவியை உருவாக்குகிறது. பொதுச் சாவி தளத்துக்கு, தனிச் சாவி உங்களிடமே. லாகின் செய்யும்போது தளம் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு எண்ணை அனுப்ப, போன் உங்கள் கைரேகையைப் பார்த்துவிட்டு அதில் கையெழுத்திட்டுத் திருப்புகிறது. சர்வரைக் கொள்ளையடித்தாலும் கிடைப்பது பொதுச் சாவிதான், ஒன்றுக்கும் உதவாது. போலித் தளம் கேட்டால் முகவரி பொருந்தாததால் கையெழுத்தே விழாது. ஓடிபிக்கு இந்தப் பலம் கிடையாது. போலிப் பக்கத்தில் நீங்கள் தட்டும் ஆறு இலக்கத்தை மோசடிக்காரர் அடுத்த நொடியே உண்மையான தளத்தில் தட்டிவிடுகிறார்.

பாஸ்கீ இருக்கும் போன் தொலைந்தால், கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கில் அது சேமிக்கப்பட்டிருந்தால் புதிய போனில் திரும்பி வரும். இல்லாவிட்டால் தளங்கள் பழைய வழிக்கே வருகின்றன: உங்கள் மெயிலுக்கு ஒரு லிங்க், அல்லது செல்பேசி எண்ணுக்கு ஒரு ஓடிபி. ஆகவே எல்லாக் கணக்குகளுக்கும் மேலாக மெயில் கணக்கைத்தான் முதலில் பலப்படுத்த வேண்டும். அதில் மீட்பு எண்ணாகக் கொடுத்தது இப்போதும் உங்களிடம் இருக்கும் சிம்தானா என்றும் பார்த்துவிடுங்கள். ரீசார்ஜ் செய்யாமல் விட்டுத் துண்டிக்கப்பட்ட எண் இந்தியாவில் 90 நாளுக்குப் பிறகு வேறொருவருக்கு ஒதுக்கப்படலாம்.